ஹெச்.பி.வி. வைரஸுக்கு மருந்து தேடும் ஆய்வகச் சோதனைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள திண்டுக்கல், விருதுநகர், இராமநாதபுரம் மாவட்டங்களிலும் உயிரித்தொழில்நுட்பமோ நுண்ணுயிரியலோ படிக்கும் மாணவர்கள் ஆய்வுத் திட்டத்துக்குத் தலைப்புத் தேடும்போது கேட்கும் கேள்விகளும், பரிசோதனை முகாமில் "வைரஸ் இருக்கிறது" என்ற முடிவைப் பெற்ற பெண்களின் வீட்டார் கேட்கும் கேள்விகளும் இங்கே ஒன்றாகத் தொகுக்கப்பட்டுள்ளன. மருந்து தேடும் ஆய்வகமுறையே இப்பக்கத்தின் பொருள். தனிப்பட்ட சிகிச்சைக்கு மருத்துவரையே அணுக வேண்டும்.

ஹெச்.பி.வி. என்பது எது? அதற்கு மருந்து தேட வேண்டிய தேவை என்ன?

ஹெச்.பி.வி. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் மனிதப் பாப்பிலோமா வைரஸ் என்பது ஒரே வைரஸ் அன்று. 200-க்கும் மேற்பட்ட வகைகளைக் கொண்ட ஒரு கூட்டம். கையிலும் காலிலும் வரும் சாதாரண மருவுக்குக் காரணமான வகைகளும், பிறப்புறுப்பு மருக்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணமான 6, 11 ஆகிய வகைகளும், கருப்பை வாய்ப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்குக் காரணமான 16, 18 ஆகிய வகைகளும் இக்கூட்டத்தில்தான் அடங்கும். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் இவ்வைரஸுக்கும் உள்ள தொடர்பைக் காட்டிய ஜெர்மானிய அறிவியலாளர் ஹரால்ட் சூர் ஹௌசனுக்கு 2008-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஓராண்டில் சுமார் 1,27,000 பெண்களுக்குப் புதிதாக இந்நோய் கண்டறியப்படுகிறது. ஏறக்குறைய 80,000 பேர் இறக்கின்றனர்.

தடுப்பூசி உண்டு. செரம் இன்ஸ்டிடியூட் நிறுவனத்தின் செர்வாவாக் ஊசிக்கு 2022-இல் இந்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் அளித்தது. ஆனால் தடுப்பூசி, வைரஸ் உடலுக்குள் நுழைவதைத் தடுக்குமே தவிர ஏற்கெனவே செல்லுக்குள் குடியேறிய வைரஸை வெளியேற்றாது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் மருந்து தேடப்படுகிறது.

அரசு மருத்துவமனையில் பெண்களுக்குச் செய்யும் பரிசோதனையும் இதுவும் ஒன்றா?

இல்லை. அங்கே சோதிக்கப்படுவது ஒரு பெண்ணின் கருப்பை வாய். இங்கே சோதிக்கப்படுவது, மருந்தாகுமா என்று பார்க்க வேண்டிய சேர்மங்கள். அசிட்டிக் அமிலக் கரைசலைத் தடவி வெண்ணிறத் திட்டுகள் தோன்றுகின்றனவா என்று கண்ணால் பார்க்கும் முறைக்கு நம் பக்கத்திலேயே ஒரு பெருமை உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கையிலுள்ள கிறித்தவ ஐக்கிய சமூக நல மையத்தின் பங்கேற்புடன், 2000-ஆம் ஆண்டு முதல் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2007-இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளியானது. ஒரே ஒரு முறை இவ்வாறு சோதித்து, தேவைப்பட்டோருக்குச் சிகிச்சையும் தந்ததில், நோய் தோன்றுவது 25 விழுக்காடும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்தன. மருந்தே இல்லாத நிலையிலும் உயிர்களைக் காக்க முடியும் என்று ஆயக்குடி, ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கிராமப் பெண்களின் ஒத்துழைப்பு உலகுக்குக் காட்டியது என்பதை, மருந்து தேடுகிறவர்கள் மறக்கலாகாது.

அக்கிக்கு மாத்திரை இருக்கிறதே, இதற்கு மட்டும் ஏன் இல்லை?

இது மிக நல்ல கேள்வி. மற்ற பதில்கள் பலவும் இதிலிருந்தே பிறக்கின்றன. அக்கிக்குத் தரப்படும் அசைக்ளோவிர் மருந்து, உடலுக்குள் செல்லும்போது செயலற்ற நிலையில்தான் இருக்கிறது. ஹெர்ப்பிஸ் குடும்ப வைரஸ்கள் தமக்கெனத் தயாரிக்கும் தைமிடின் கைனேஸ் என்னும் நொதி அதைத் தூண்டிவிட்ட பிறகே, அது வைரஸின் டி.என்.ஏ. படியெடுப்பை நிறுத்துகிறது. அந்நொதி இல்லாத நலமான செல்லில் மருந்து பெரும்பாலும் சும்மா கிடக்கும். வைரஸிடம் உள்ளதும் நம்மிடம் இல்லாததுமான ஒன்றைத் தாக்குவதே வைரஸ் எதிர்ப்பு மருந்துகளின் அடிப்படை உத்தி.

ஹெச்.பி.வி.யிடம் அப்படித் தாக்குவதற்கு அதிகம் இல்லை. அதன் மரபணுத் தொகுதி ஏறத்தாழ 8,000 கார இணைகளைக் கொண்ட ஒரு சிறு வளையம். தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் பாலிமரேஸ் நொதியைக்கூட அது வைத்திருக்கவில்லை. நம் செல்லின் நொதியையே பயன்படுத்திக்கொள்கிறது. அதற்கென உள்ள ஒரே நொதி, டி.என்.ஏ. இழைகளைப் பிரிக்கும் இ1 ஹெலிகேஸ். மற்றபடி இ2, இ6, இ7 போன்ற புரதங்கள் எல்லாம் பிற புரதங்களைப் பற்றிக்கொள்வதன் மூலமே வேலை செய்கின்றன. இ6 நம் செல்லின் காவலனான பி53 புரதத்தை அழிவுக்கு அனுப்புகிறது. இ7 செல் பிளவைக் கட்டுக்குள் வைக்கும் ஆர்.பி. புரதத்தைச் செயலிழக்கச் செய்கிறது. இரண்டு புரதங்கள் பரந்த பரப்பில் ஒட்டிக்கொள்வதைச் சிறு மூலக்கூறு ஒன்றைக் கொண்டு பிரிப்பது, நொதியின் குழியை அடைப்பதைவிட மிகக் கடினம்.

அப்படியானால் மருத்துவர்கள் மருவுக்குத் தரும் மருந்துகள் எவை?

இமிக்விமோட் உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டுகிறது. போடோஃபிலோடாக்சின் செல் பிளவை நிறுத்துகிறது. பச்சைத் தேயிலைச் சாற்றிலிருந்து எடுத்த களிம்பு ஒன்றுக்கு 2006-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. குளிரூட்டி உறையவைத்தல், மின்சாரத்தால் பொசுக்குதல் ஆகியன திசுவையே அழிக்கின்றன. இவை பயன்படுவன, ஆனால் வைரஸை மட்டும் குறிவைத்துத் தாக்கும், ஒப்புதல் பெற்ற மருந்து எதுவும் இவற்றுள் இல்லை.

ஆய்வகத்தில் வைரஸை வளர்த்து, மருந்தை ஊற்றிப் பார்த்துவிட முடியாதா?

டெங்கு வைரஸையோ ஹெர்ப்பிஸ் வைரஸையோ செல் படலத்தின் மேல் விட்டால் ஓரிரு நாளில் பெருகும்; எத்தனை இடங்களில் செல்கள் அழிந்தன என்று எண்ணிக்கொள்ளலாம். ஹெச்.பி.வி. அதற்கு உடன்படாது. அது தோலின் அடி அடுக்கில் உள்ள செல்லுக்குள் நுழைந்து, அச்செல் முதிர்ந்து மேலே ஏறும்போது தானும் உடன் ஏறி, மேல் அடுக்கை அடைந்த பிறகே முழு வைரஸ் துகள்களாக உருவாகிறது. தட்டையாக வளரும் செல்களில் அந்த முதிர்ச்சி நிகழ்வதில்லை.

இதற்காகக் கொலாஜன் படுகையின் மேல் தோல் செல்களைப் பரப்பி, கீழே ஊட்டக் கரைசலும் மேலே காற்றும் படும்படி வைத்து, அடுக்கடுக்கான செயற்கைத் தோலை வளர்க்கும் முறை உருவாக்கப்பட்டது. இயற்கைக்கு மிக நெருக்கமான சோதனைக்களம் இதுதான். ஆயினும் ஒவ்வொரு துண்டும் வளர இரண்டு வாரம் வரை ஆகும். கைத்திறனும் பணமும் நிறையத் தேவைப்படும். ஆயிரம் சேர்மங்களை இதில் சோதிக்க எவராலும் இயலாது. ஆகவே இது முதல் வாயிலாக அமைவதில்லை. முதல் வாயில்களைக் கடந்துவந்த ஐந்தாறு சேர்மங்களுக்கான கடைசி வாயிலாகவே அமைகிறது.

முதல் வாயிலில் என்ன செய்கிறார்கள்?

வைரஸின் வாழ்க்கையைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிச் சோதனை வைக்கிறார்கள்.

செல்லுக்குள் நுழைவதைச் சோதிக்கப் போலி வைரஸ் பயன்படுகிறது. வைரஸின் மேலுறைப் புரதங்களான எல்1, எல்2 ஆகியவற்றுக்குரிய மரபணுக்களை 293டிடி என்னும் மனித செல் வகைக்குள் செலுத்தினால், அவை தாமாகவே கூடி வைரஸ் உறையாக அமைகின்றன. உறைக்குள் வைரஸின் மரபணுவுக்குப் பதிலாகப் பச்சை ஒளிரும் புரதத்துக்கோ ஒளியை உண்டாக்கும் லூசிஃபெரேஸ் நொதிக்கோ உரிய மரபணு அடைக்கப்படுகிறது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்த பக், ஷில்லர், லோவி ஆகியோரின் குழு 2004-இல் வெளியிட்ட இம்முறையே இன்றும் உலகெங்கும் கையாளப்படுகிறது. போலி வைரஸ் செல்லுக்குள் நுழைந்தால் இரண்டு மூன்று நாளில் செல் ஒளிரும். மருந்து நுழைவைத் தடுத்தால் ஒளிராது. நோயை உண்டாக்கும் மரபணு உள்ளே இல்லாததால் ஆபத்து குறைவு. 96 அல்லது 384 குழிகள் கொண்ட தட்டில் ஒரே சமயத்தில் பல சேர்மங்களைச் சோதிக்கலாம்.

இரண்டாவது, படியெடுப்புச் சோதனை. வைரஸின் டி.என்.ஏ. படியெடுப்புத் தொடங்கும் இடத்தைத் தாங்கிய ஒரு சிறு வளையத்தையும், இ1, இ2 புரதங்களை உண்டாக்கும் மரபணுக்களையும் ஹெச்.பி.வி. இல்லாத செல்லுக்குள் செலுத்தினால், வளையம் பெருகுகிறது. அதனுடன் இணைந்த லூசிஃபெரேஸ் ஒளியைக் கொண்டோ பிசிஆர் முறையைக் கொண்டோ பெருக்கத்தை அளக்கலாம். இ1, இ2 இரண்டும் கைகோப்பதைத் தடுக்கும் இண்டேன்டையோன் வகைச் சேர்மங்களை ஒரு மருந்து நிறுவனம் பெருந்திரள் சோதனையில்தான் கண்டெடுத்தது. அவை 6, 11 வகைகளில் வேலை செய்தனவே தவிர 16-ஆம் வகையில் பலிக்கவில்லை. வகைக்கு வகை புரதத்தின் மேற்பரப்பு மாறுவதால் வரும் சிக்கல் இது.

மூன்றாவது, இ6, இ7 புரதங்களைக் குறிவைக்கும் சோதனை. மருந்து கொடுத்த பிறகு பி53 புரதத்தின் அளவு மீண்டும் உயர்கிறதா என்று பார்ப்பது இதன் சாரம்.

ஹீலா செல்களை ஒரு சாறு கொன்றுவிட்டால், அது ஹெச்.பி.வி. எதிர்ப்பு மருந்துதானே?

இல்லை. நம் பகுதியில் எழுதப்படும் இளநிலை, முதுநிலை ஆய்வேடுகளில் மிகுதியாகக் காணப்படும் பிழை இதுவே என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஹீலா செல்கள் 1951-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்னும் பெண்ணின் கருப்பை வாய்ப் புற்றுக்கட்டியிலிருந்து, அவருடைய சம்மதம் பெறாமலேயே எடுத்து வளர்க்கப்பட்டவை. அவற்றில் 18-ஆம் வகையின் மரபணுத் துண்டுகள் செல்லின் சொந்த டி.என்.ஏ.வுக்குள் செருகிக்கொண்டு கிடக்கின்றன. அந்தச் செருகலில் இ2 மரபணு குலைந்துபோயிருக்கிறது. வைரஸ் தனி வளையமாகப் பெருகுவதும் இல்லை, முழுத் துகள்கள் உருவாவதும் இல்லை. இ6, இ7 மட்டும் ஓயாமல் தயாராகின்றன. ஆகவே இச்செல் செத்ததா என்று பார்ப்பதைக் கொண்டு நுழைவைத் தடுக்கும் மருந்தையும் சோதிக்க முடியாது, படியெடுப்பைத் தடுக்கும் மருந்தையும் சோதிக்க முடியாது. மிகச் சிறந்த இ1 தடுப்பான் ஒன்றை ஹீலாவில் ஊற்றினாலும் எதுவும் நிகழாது.

செல் செத்தது என்பது மட்டும் சான்றாகாது; ஆமணக்கு விதையிலுள்ள நஞ்சும் ஹீலாவைக் கொல்லும். இறப்புக்குக் காரணம் இ6, இ7 அடங்கியதுதான் என்று காட்டினால்தான் பேச்சுக்கு இடமுண்டு. அதற்கு, 16-ஆம் வகையின் ஒன்றிரண்டு படிகளைக் கொண்ட சிஹா, அதே வகையின் அறுநூறு போலப் படிகளைக் கொண்ட காஸ்கி, ஹெச்.பி.வி.யே இல்லாத சி33ஏ ஆகிய செல் வகைகளையும் வரிசையாக வைத்து ஒப்பிட வேண்டும். இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சி33ஏ செல்லின் பி53 ஏற்கெனவே பழுதுபட்டது. பி53 வழியாகக் கொல்லும் எந்த நஞ்சும் சி33ஏ-வை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் தாக்கக்கூடும். பார்ப்பவருக்கு அது ஹெச்.பி.வி.யை மட்டும் தாக்குவதுபோல் தோன்றும். எனவே நலமான தோல் செல்களையும் உடன் வைப்பதும், இ6, இ7 மரபணுக்களிலிருந்து உருவாகும் ஆர்.என்.ஏ.வின் அளவையும் பி53 புரதத்தின் அளவையும் நேரடியாக அளப்பதும் தவிர்க்க முடியாதவை.

முடிவுகளில் வரும் எண்களை எப்படிப் படிப்பது?

வைரஸின் செயலைப் பாதியாகக் குறைக்கும் செறிவு ஓர் எண். செல்களில் பாதியைக் கொல்லும் செறிவு இன்னோர் எண். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கிடைப்பது தேர்வுக் குறியீடு. அது 1-ஐ ஒட்டி இருந்தால் சேர்மம் செல்லைத்தான் கொல்கிறது. 10-க்கு மேல் இருந்தால் தொடர்ந்து பார்க்கலாம் என்பது வழக்கில் உள்ள ஓர் அளவுகோல். நூறைத் தாண்டினால்தான் எனக்கு ஆர்வம் பிறக்கும்.

சோதனையின் தரத்தைச் சொல்லும் எண் வேறு. மருந்தே இல்லாத குழிகளின் அளவுக்கும், தெரிந்த தடுப்பான் இட்ட குழிகளின் அளவுக்கும் இடையே உள்ள இடைவெளி, அளவுகளின் சிதறலைக் காட்டிலும் எவ்வளவு பெரியது என்பதை 1999-இல் முன்வைக்கப்பட்ட இசட்-பிரைம் மதிப்பு காட்டுகிறது. அது 0.5-க்கு மேல் இருக்க வேண்டும். தட்டின் ஓரக் குழிகளில் ஊட்டக் கரைசல் ஆவியாகிச் செறிவு மாறுவது இம்மதிப்பைக் கெடுக்கும்; ஓரக் குழிகளில் வெறும் கரைசலை நிரப்பி, அவற்றைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது நல்ல பழக்கம். சேர்மங்களைக் கரைக்கும் டி.எம்.எஸ்.ஓ. எல்லாக் குழிகளிலும் ஒரே அளவில், 0.5 விழுக்காட்டைத் தாண்டாமல் இருக்க வேண்டும்.

அம்மான் பச்சரிசிப் பாலைத் தடவினால் மரு உதிர்கிறதே, மூலிகையில் மருந்து இருக்காதா?

இருக்கலாம்; போடோஃபிலோடாக்சினே ஒரு செடியிலிருந்து வந்ததுதான். ஆனால் மரு உதிர்ந்ததை வைத்து அதைத் தீர்மானிக்க இயலாது. சாதாரண மருக்களில் பல, குறிப்பாகச் சிறுவர்களுக்கு வருபவை, எதுவும் செய்யாமலே மறைகின்றன. அம்மான் பச்சரிசியையோ எருக்கம்பாலையோ தடவிய நாளும் மரு மறைந்த நாளும் நினைவில் நிற்கும். தடவாமல் மறைந்த மருவை யாரும் பேசுவதில்லை. எருக்கம்பால் தோலைப் புண்ணாக்கும்; கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. அதைப் பிறப்புறுப்புப் பகுதியில் தடவுவது ஒருபோதும் கூடாது.

ஆய்வகத்திலும் மூலிகைச் சாறுகள் எளிதில் ஏமாற்றும். கடுக்காய், மாதுளைத் தோல் போன்றவற்றில் நிறைந்துள்ள துவர்ப்புப் பொருளான டானின், கண்ட புரதத்தையெல்லாம் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. போலி வைரஸின் உறையையும் அது பற்றிக்கொள்வதால், நுழைவுச் சோதனையில் அபாரமான முடிவு கிடைக்கும். டானினை நீக்கிவிட்டுச் சோதித்தால் அந்த அபாரம் காணாமல் போகலாம். மஞ்சளிலுள்ள குர்குமின் தானே பச்சை நிறப் பகுதியில் ஒளிர்வதால் பச்சை ஒளிரும் புரதத்தின் அளவீட்டைக் குழப்பும். குடலிலிருந்து இரத்தத்துக்குள் சேர்வதும் மிகக் குறைவு. செல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் எம்.டி.டி. சாயத்தை, செல்லே இல்லாத குழியிலும் நிறம் மாற்றிவிடும் ஆற்றல் பல தாவரப் பாலிஃபீனால்களுக்கு உண்டு. ஆகவே சாறும் சாயமும் மட்டும் கொண்ட, செல் இல்லாத ஒரு வரிசையைத் தட்டில் வைக்காத எம்.டி.டி. முடிவை நான் ஏற்பதில்லை.

கீழாநெல்லியின் வரலாறும் நினைவில் இருக்கட்டும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸை அது அகற்றுகிறது என்று 1988-இல் சென்னையிலிருந்து வெளியான ஆய்வு உலகத்தின் கவனத்தை ஈர்த்தது. பின்னர் பிற இடங்களில் நடந்த சோதனைகள் பல அதை உறுதிப்படுத்தவில்லை.

கடற்பாசியில் மருந்து கிடைத்ததாகச் சொல்கிறார்களே?

இது வெறும் பேச்சு அன்று. போலி வைரஸ் முறையைக் கண்ட அதே அமெரிக்கக் குழு, 2006-இல், சிவப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் கராஜீனன் என்னும் பொருள் ஹெச்.பி.வி. நுழைவைத் தடுக்கிறது என்று கண்டது. இரத்தம் உறைவதைத் தடுக்கத் தரப்படும் ஹெப்பாரினைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு குறைந்த செறிவிலேயே அது வேலை செய்தது. வைரஸ் செல்லைப் பிடிக்கும் முதல் கொக்கி, செல்லின் மேற்பரப்பிலுள்ள ஹெப்பாரன் சல்ஃபேட். சல்ஃபேட் நிறைந்த கராஜீனன் அந்த இடத்தில் தான் போய் நின்றுவிடுகிறது. கராஜீனன் தரும் கப்பாஃபைகஸ் பாசியை இராமநாதபுரம் கடற்கரையில், மண்டபம், பாம்பன் பக்கத்துப் பெண்கள் மூங்கில் மிதவைகளில் கட்டி வளர்த்து விற்கிறார்கள். ஐஸ்கிரீம் கெட்டியாவதற்கும் அதுவே சேர்க்கப்படுகிறது.

எனினும் ஆய்வகத்தில் கண்டது அப்படியே மனிதரிடம் பலிக்கவில்லை. கனடாவில் பெண்களிடம் நடந்த களிம்புச் சோதனையில் புதுத் தொற்று ஓரளவு குறைந்தது. ஆண்களிடம் நடந்த சோதனையில் பலன் தென்படவில்லை. உள்ளே குடியேறிவிட்ட வைரஸின் மேல் இதற்கு ஆற்றல் இருக்க வழியும் இல்லை. இது வாசலில் நிற்கும் மருந்து.

கணினியில் டாக்கிங் செய்து முடிவு காட்டினால் போதாதா?

போதாது. டாக்கிங் என்பது ஒரு சேர்மம் ஒரு புரதத்தில் எப்படிப் பொருந்தும் என்று கணினியில் கணக்கிடுவது. எந்தச் சேர்மத்தை முதலில் சோதிக்கலாம் என்று வரிசைப்படுத்த அது உதவும். இ6 புரதத்தில் ஒரு சேர்மம் நன்றாகப் பொருந்துகிறது என்ற கணக்கு, ஒரே ஒரு செல் சோதனையும் இல்லாமல் "மருந்து கண்டுபிடிப்பு" என்று நாளிதழில் வெளியாவது வருந்தத்தக்கது.

மதுரைப் பகுதிக் கல்லூரி ஒன்றில் இச்சோதனையைச் செய்ய முடியுமா?

போலி வைரஸ் சோதனையை, இரண்டாம் நிலை உயிர்ப்பாதுகாப்பு வசதியும், 37 பாகை வெப்பத்தையும் 5 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடையும் காக்கும் இன்குபேட்டரும், ஒளிர்வை அளக்கும் கருவியும் இருந்தால் செய்யலாம். செல் வகைகளைப் புனேயிலுள்ள தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து பெறுவதே முறை. பக்கத்து ஆய்வகத்தில் குடுவையோடு வாங்கிவருவது வேண்டாம். மைக்கோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் கண்ணுக்குத் தெரியாமல் செல் வளர்ப்பில் புகுந்து எல்லா எண்களையும் புரட்டிவிடும். ஹீலா பிற செல்களின் குடுவைக்குள் புகுந்து ஆக்கிரமித்த கதைகளோ ஏராளம். சித்திரை, வைகாசியில் மின்சாரம் போனால் இன்குபேட்டரும் உறைகலனும் தாங்குமா என்பதைச் செல் வாங்குவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

சுத்தம் செய்வது பற்றி ஒரு குறிப்பு. இந்த வைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது. 2014-இல் வெளியான ஓர் ஆய்வில் 16-ஆம் வகை வைரஸை ஆல்கஹால் செயலிழக்கச் செய்யவில்லை, ஹைப்போகுளோரைட் செய்தது. மேசையைச் சானிடைசரால் துடைத்துவிட்டுப் போவது இங்கே போதாது.

செல் சோதனையில் தேறிய சேர்மத்தை எலியில் சோதிப்பார்களா?

மனித வைரஸ் எலியைத் தொற்றாது; முயலையும் தொற்றாது. ஒவ்வொரு பாப்பிலோமா வைரஸும் தனக்குரிய விலங்கோடு கட்டுண்டது. நெடுங்காலம், 1933-இல் அமெரிக்கக் காட்டு முயல்களில் கண்டறியப்பட்ட ஷோப் வைரஸே துணையாக இருந்தது. ஆய்வக எலியைத் தாக்கும் பாப்பிலோமா வைரஸ் இந்தியாவில்தான் கிடைத்தது: நவி மும்பையிலுள்ள டாட்டா நினைவு மையத்தின் ஆராய்ச்சிப் பிரிவான ஆக்ட்ரெக்கில், எதிர்ப்பாற்றல் குன்றிய எலிகளின் மூக்கிலும் வாயிலும் தோன்றிய மருக்களிலிருந்து அது பிரித்தெடுக்கப்பட்டு 2011-இல் வெளியிடப்பட்டது. அதன் பிறகு உலகெங்கும் எலியில் இத்தொற்றை ஆராயும் வழி திறந்தது. ஆயினும் அந்த எலி வைரஸின் புரதங்கள் 16-ஆம் வகையின் புரதங்களை ஒத்தவை அல்ல. 16-ஆம் வகை இ6 புரதத்துக்கென வடித்த மருந்தை அதில் சோதித்துப் பயனில்லை.

மனிதரிடம் சோதிக்கும்போது பலனை எப்படித் தீர்மானிப்பார்கள்?

ஹெச்.பி.வி. தொற்றுகளில் பத்தில் ஒன்பது, இரண்டு ஆண்டுகளுக்குள் உடலின் எதிர்ப்பாற்றலாலேயே அடங்கிவிடுகின்றன. எனவே "மருந்து கொடுத்தோம், ஓராண்டில் வைரஸ் மறைந்தது" என்பது எதையும் நிறுவாது. மருந்து பெற்றவர்களையும் வெற்றுக் களிம்பு பெற்றவர்களையும் குலுக்கல் முறையில் பிரித்து, யார் எதைப் பெற்றார் என்பது மருத்துவருக்கும் தெரியாமல் வைத்து, இரு கூட்டத்திலும் மறைந்த விகிதங்களை ஒப்பிட வேண்டும். புற்றுநோய்க்கு முன்நிலையான புண் வளர்ந்துவிட்ட பெண்களுக்கு ஏற்கெனவே பயன்தரும் சிகிச்சை இருப்பதால், அவர்களை வெற்றுக் களிம்போடு நீண்ட நாள் காத்திருக்க வைப்பது அறமாகாது; ஆகையால் எவ்வளவு காலம் பார்க்கலாம், எந்த நிலையில் சோதனையை நிறுத்திச் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும் என்பதை நெறிமுறைக் குழு முன்கூட்டியே எழுத்தில் வரையறுத்த பிறகே முதல் பெண்ணிடம் சம்மதம் கேட்கப்படுகிறது.